அறுபத்தொன்றுக்கும் அறுபத்து நாலுக்கும் நடுவே

சீனப் பெருநாள் முடிந்தும் கிள்ளான் கடைவீதி இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. ஊருக்குப் போன சீனர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. கடைகளின் ஷட்டர்கள் இறங்கியே கிடந்தன. வாசலில் கட்டிய சிவப்பு விளக்குகள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அந்த வரிசையில் ஒரு சீன மருந்துக் கடைக்கு மேலே, மாடியில், பங்குத் தரகு நிறுவனத்தின் கேலரி இருந்தது. சினிமாக் கொட்டகை மாதிரி வரிசை வரிசையாக நாற்காலிகள். எதிர்ச் சுவர் முழுக்கத் திரைகள். கைத்தொலைபேசியில் வாங்கி விற்கத் தெரியாதவர்களும், தெரிந்தும் வீட்டில் உட்கார முடியாதவர்களும் வந்து சேரும் இடம் அது. மற்ற நாளாக இருந்தால் குவாச்சி விதை கொறிக்கும் சத்தமும், "ஐயோ" என்று தொடையில் தட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த வாரம் ஏர்கான் சத்தம் மட்டும்தான்.

பாலனுக்கு இந்த அமைதி பிடித்திருந்தது. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் வேலையை மேற்பார்வை பார்த்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர். கப்பல் வராத நாளில்தான் துறைமுகத்தைச் சரியாகப் பார்க்க முடியும் என்பார். மார்க்கெட்டும் அப்படித்தான். ஆள் நிறைய இருக்கும்போது யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்று ஒன்றும் புரியாது. இப்போது பாருங்கள், ஒவ்வொரு கவுன்டரிலும், அதாவது ஒவ்வொரு கம்பெனியின் பங்கிலும், இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். ஒருத்தர் அசைந்தால் விலை அசையும். இருவரும் அசையாவிட்டால் நாள் முழுக்க ஒன்றுமே நடக்காது.

அவர் அப்படித்தான் ஒரு கவுன்டரில் நின்றுகொண்டிருந்தார். மேருவில் அட்டைப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி. அந்தப் பெட்டிகள் கப்பலேறிப் போவதை வருஷக்கணக்காகப் பார்த்தவர் என்பதால் அதன்மேல் ஒரு நம்பிக்கை. ஒரு பங்கு அறுபத்தொரு சென்னுக்கு வேண்டும் என்று கேட்டு நின்றார். எதிர்ப்பக்கம் யாரோ ஒருவர், லாட்டுக்கு நூறு பங்கு என்று இருநூறு லாட்டை வைத்துக்கொண்டு, அறுபத்து நாலுக்குக் குறைய மாட்டேன் என்று நின்றார். நடுவில் மூன்று சென். அவ்வளவுதான்.

"என் ஆள் இன்னிக்கும் அசையல, மிஸ்டர் பாலன்."

பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது குரல். உஷாராணி. பாலர் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏர்கான் குளிருக்குப் பயந்து சால்வையைக் கழுத்துவரை சுற்றியிருந்தார். கணவர் இறந்த பிறகு அவர் பெயரில் இருந்த பங்குகள் இவர் பெயருக்கு மாறின. அதிலிருந்து ஏழெட்டு மாதமாகக் கேலரிக்கு வருகிறார்.

"வாங்குற ஆளா, டீச்சர்?"

"ஆமா. நான் கேக்கிறது அப்படி ஒண்ணும் அநியாய விலை இல்ல. கல்லு மாதிரி நிக்கிறான். பிசினாறி."

"என் கதையும் அதேதான். விக்கிற பக்கம் ஒரு மகராசன் உக்காந்திருக்கான். பரம்பரை பங்களாவை விக்கிற மாதிரி பிகு பண்றான்."

"உங்க ஆளுக்காவது விக்கிறதுக்குப் பொருள் இருக்கு. என் ஆள் ஓசியில கேக்கிற ஜாதி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னால், கண்ணாடி அறைக்குள், தேநீர் குடித்துக்கொண்டிருந்த கிஷனுக்குப் புரையேறியது. கிஷன் அவர்கள் இருவருக்கும் தரகர். காலையில் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, என்ன வேண்டும் என்று சொல்வார்கள். அவன் கணினியில் அடிப்பான். சாயங்காலம் சந்தை மூடியதும் அந்த ஆர்டர் தானாகவே செத்துப்போகும். மறுநாள் புதிதாகச் சொல்ல வேண்டும்.

"கிஷன், உடம்புக்கு என்னப்பா?" என்றார் பாலன்.

"ஒண்ணுமில்ல அங்கிள். தே தாரிக் சூடு லா," என்று இருமினான் அவன்.

கேலரியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எவ்வளவு புலம்பினாலும் கவுன்டரின் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் விலை ஓடிவிடும், பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொள்வார், அதிர்ஷ்டம் போய்விடும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பாலன் பதினைந்து வருஷமாக இந்தச் சட்டத்தை மீறியதில்லை. புதிதாக வந்த உஷாராணிக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அதனால் இத்தனை மாதம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒருவர் கவுன்டர் இன்னொருவருக்குத் தெரியாது.

மற்றதெல்லாம் தெரியும். பாலனுக்குப் பால் சேர்க்காத கோப்பி ஓ, சர்க்கரை குறைவு. இவருக்கு இஞ்சி டீ. அவர் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இவர் கணவர் மழை பெய்தால் பழைய பாட்டுப் பாடுவார். பாலனின் மகள் புனிதா சுபாங் ஜெயாவில் இருக்கிறாள். போன மாதம் வந்தவள், அப்பா சட்டைக்கு இஸ்திரி போடுவதையும் பக்கத்தில் சென்ட் பாட்டில் இருப்பதையும் பார்த்து, "ஷேர் மார்க்கெட்டுக்குப் போறதுக்கு சென்ட் எதுக்குப்பா?" என்று கேட்டாள். பாலன் இஸ்திரிப் பெட்டியைத் தண்ணீர் தெளித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இஞ்சி டீயை வாங்கிக்கொண்டே உஷாராணி சொன்னார்.

"சனிக்கிழமை மகன் வரான். என்னைச் செமினியில அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். மருமகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். அங்கேயே இருந்துடுங்கம்மாங்கிறான்."

பாலனின் கையில் கோப்பி ஒரு கணம் நின்றது.

"நல்ல விஷயம்தானே."

"நல்ல விஷயம்தான். நான்தான் ஒரு சாக்கு சொல்லிக்கிட்டிருக்கேன். அவரு வாங்கி வச்சது இந்த ஒரு கவுன்டர். இதை வித்துட்டு வரேன், அதுவரைக்கும் தொந்தரவு பண்ணாதேன்னு. வித்துட்டா இங்க எனக்கு என்ன வேலை?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். பாலனும் திரையைப் பார்த்தார். எண்கள் அப்படியே இருந்தன. யாரோ அந்தப் பிசினாறி, டீச்சர் விலைக்கு வராமல் கல்லாக நிற்கிறானே, அவன் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே நிற்கட்டும் என்று அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

புதன்கிழமை காலை உஷாராணி வரவில்லை. பல் வலி, கிளினிக் போகிறேன், மதியம் வருவேன் என்று குறுஞ்செய்தி வந்தது. பாலன் வழக்கம்போல கிஷனிடம் தன் ஆர்டரைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அட்டைப்பெட்டி கம்பெனியின் வரியைப் பார்த்தவருக்கு வியப்பு. விற்கும் பக்கத்தில் அறுபத்து நாலில் நின்ற மகராசனைக் காணோம்! அந்த இடத்தில் எழுபதில் யாரோ ஒருவர், சில்லறை லாட் இரண்டு.

விட்டுவிட்டுப் போய்விட்டான் போல, என்று நினைத்தார். காலை முழுக்க அறுபத்து நாலில் யாரும் இல்லை. மதியம் உஷாராணி வந்தார். வீங்கிய கன்னத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, கண்ணாலேயே வணக்கம் சொல்லிவிட்டு, நேரே கிஷனின் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

பாலன் தற்செயலாகத் திரையைப் பார்த்தார். அறுபத்து நாலு. இருநூறு லாட். மகராசன் திரும்பி வந்திருந்தார்.

கதவு திறந்தது. உஷாராணி வெளியே வந்தார்.

பாலனுக்குக் காது சூடாகியது. எத்தனை கண்டெய்னரை எந்த லோரி எடுத்துப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்த மனிதருக்கு, பக்கத்து நாற்காலியில் இருப்பது யார் என்று கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது. பரம்பரை பங்களாவை விற்கிற மகராசன் டீச்சர்தான். ஓசியில் கேட்கும் பிசினாறி தான்தான்.

டீச்சர் கழிவறைப் பக்கம் போன சமயம் பார்த்து அவர் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார்.

"கிஷன், ஒண்ணு கேக்கணும்."

"கேக்காதீங்க அங்கிள்."

"நான் இன்னும் கேக்கவே இல்லயே."

"தெரியும். அதான் சொல்றேன், கேக்காதீங்க. ஒரு கிளையண்ட் கதையை இன்னொரு கிளையண்ட்கிட்ட சொன்னா என் லைசன்ஸ் போயிடும். எனக்கு வீட்டு லோன் இருக்கு, காடி லோன் இருக்கு, பொண்டாட்டி வேற இருக்கா."

அவன் முகத்தைப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது. பாலன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அன்று வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று சென் ஏற்றினால் டீச்சரின் பங்கு விற்றுப்போகும். சனிக்கிழமை செமினிக்குப் போய்விடுவார். ஏற்றாமல் நின்றால் டீச்சருக்கே அலுத்துப்போய் ஒருநாள் இறங்கி வருவார். அப்போதும் விற்றுப்போகும். ஆக, தான் அங்கே நிற்கும்வரை டீச்சர் போவது உறுதி. வாங்குகிற ஆளே இல்லாவிட்டால்?

வியாழக்கிழமை காலை அவர் கிஷனிடம், "இன்னிக்கு ஒண்ணும் வேணாம்பா," என்றார். கிஷன் ஒரு கணம் அவரைப் பார்த்தான்.

ஆள் இல்லாத சந்தையில் ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்று பாலனுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. அறுபத்தொன்றில் அவர் நின்ற இடம் காலியானதும் அடுத்து இருந்தது ஐம்பத்தாறுதான். பத்து மணிவாக்கில் எங்கிருந்தோ யாரோ ஒருவர், அவசரக்காரர் போல, ஐந்து லாட்டை அங்கே தள்ளிவிட்டார். திரையில் ஐம்பத்தாறு என்று சிவப்பில் மின்னியது. ஐந்தே லாட். அதற்குள் அந்தக் கம்பெனிக்கே ஏதோ ஆகிவிட்ட மாதிரி ஒரு தோற்றம்.

உஷாராணி நிமிர்ந்து உட்கார்ந்தார். சால்வை தோளிலிருந்து நழுவியது. எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"என்ன டீச்சர்?" என்றார் பாலன்.

"என் ஆள் போயிட்டான்."

"யாரு, அந்தப் பிசினாறியா? போனா போறான், விடுங்க."

"அப்படிச் சொல்லாதீங்க மிஸ்டர் பாலன்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "கஞ்சன்தான். ஆனா தினம் காலையில வந்து பாத்தா அங்க ஒருத்தன் நிக்கிறான்னு ஒரு தைரியம் இருந்துச்சு. என் வீட்டுக்காரர் வாங்குன பொருளுக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு நினைக்கிற ஆள் உலகத்துல இன்னொருத்தன் இருக்கான்னு. இப்ப பாருங்க, யாருமே இல்ல."

பாலன் கோப்பியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. ஆர்டரைத் திரும்பப் போடலாமா என்று பலமுறை எழுந்திருக்கப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் செமினி ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை உஷாராணி வழக்கத்தைவிட நேரத்தோடு வந்து, கிஷனிடம் பேசிவிட்டு உட்கார்ந்திருந்தார். பாலன் வந்ததும் திரையைத்தான் முதலில் பார்த்தார். அறுபத்து நாலு அப்படியே நின்றது. லாட் மட்டும் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். யாரோ ஒருவர் ஒரே ஒரு லாட் வாங்கியிருப்பார் போல.

"இன்னிக்கு முடிச்சுடப் போறேன்," என்றார் உஷாராணி. "மதியம்வரைக்கும் பழைய விலையில வச்சுப் பாக்கிறேன். அதுக்கு மேல யாரு என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுத்துட்டுப் போறேன். ஐம்பத்தாறோ, ஐம்பதோ. இனி பிடிச்சு வச்சு என்ன பண்ண?"

ஒரு எண்ணைச் சொல்லக் கூடாது என்பது சட்டத்தில் இல்லை. ஆனாலும் அந்த எண்ணைக் கேட்டதும் பாலன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஐம்பத்தாறு. மேலே போக வேண்டிய பொருள். அவர் துறைமுகத்தில் இன்றைக்கும் ஏறிக்கொண்டிருக்கிற பெட்டிகள். பக்கத்து நாற்காலி காலியாகக் கூடாது என்பதற்காகத் தான் ஒருநாள் விலகியதில், ஒரு மனுஷனின் ஆயுள் சேமிப்பு இப்படித் தரையில் விழுந்து கிடக்கிறது. போகிறவர் போகட்டும். ஏமாந்து போக வேண்டாம்.

அவர் எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார்.

"அட்டைப்பெட்டி. அறுபத்து நாலு. இருக்கிற எல்லாத்தையும் எடு."

கிஷன் விரல்களை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அங்கிள், யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நேத்து கடைசி விலை ஐம்பத்தாறு."

"கடைசி விலை அஞ்சு லாட்டுக்குத்தான். அது விலை இல்ல. அடி."

கிஷன் அடித்தான். பாலன் திரும்பிப் பார்க்கும்போதே திரையில் அந்த வரி பச்சையில் மின்னியது. அறுபத்து நாலு. ஒரே ஒரு முறை மின்னிவிட்டு அடங்கியது. விற்கும் பக்கம் காலி. அந்த ஐந்து லாட்டைத் தவிர வாரம் முழுக்க யாரும் சீண்டாத கவுன்டரில் நடந்த பெரிய வியாபாரம் அதுதான்.

உஷாராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"வித்துப்போச்சு," என்றார்.

"நீங்க கேட்ட விலைக்கா?"

"கேட்ட விலைக்குத்தான். யாரோ ஒருத்தன், மொத்தத்தையும், ஒரே வாயில." சால்வையின் முனையைத் திருகினார். "அப்புறம் என்ன. மகனுக்குச் சொல்லணும்."

பாலன் உட்காரவில்லை. பதினைந்து வருஷமாகக் காத்த சட்டத்தை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே உடைத்தார்.

"அட்டைப்பெட்டி கம்பெனி. வாங்குனது நான்தான் டீச்சர்."

ஏர்கான் சத்தம் கேட்டது. கீழே தெருவில் யாரோ லோரியைப் பின்னால் எடுத்தார்கள்.

"நீங்களா?"

"ஆமா."

"அப்ப அறுபத்தொண்ணுல நின்னுக்கிட்டிருந்ததும்…"

"நான்தான். பிசினாறி."

உஷாராணி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு வரப் பார்த்தது. வருவதற்குள் வேறொன்று ஞாபகம் வந்து முகம் மாறியது.

"நேத்து காணாமப் போனது?"

பாலன் தரையைப் பார்த்தார். "அதுவும் நான்தான். புதன்கிழமை மதியம் நீங்க உள்ள போயிட்டு வந்தப்போதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. வித்துட்டா போயிடுவீங்கன்னு விலகிட்டேன்."

"நேத்து எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, என்ன டீச்சர்னு வேற கேட்டீங்க."

"தப்புதான்."

"பெரிய தப்பு."

"பெரிய தப்புதான் டீச்சர். மன்னிச்சுடுங்க."

அவர் சாக்கு எதுவும் சொல்லாமல் நின்றது உஷாராணிக்குப் பிடித்ததோ என்னவோ, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குக் கழுத்து வலிக்குது."

பாலன் உட்கார்ந்தார்.

"மூணு சென்னை ஏத்தமாட்டேங்கிறானேன்னு உங்களைத் திட்டினேனே," என்றார் உஷாராணி, திரையைப் பார்த்தபடி. "நான் ஏன் மூணு சென் இறங்கல, அதை நீங்க யோசிச்சீங்களா? எனக்கு அந்தக் காசு பெரிசில்ல."

பாலன் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. ஆனால் காதோரம் சிவந்திருந்தது தெரிந்தது.

"இப்ப எனக்கு வித்துட்டீங்களே," என்றார் பாலன் மெதுவாக. "இனி இங்க உங்களுக்கு வேலை இல்லயே."

"எண்ணிப் பாத்தீங்களா? எத்தனை லாட் கெடைச்சுது உங்களுக்கு?"

"நூத்தித் தொண்ணூத்தொம்பது…" சொல்லும்போதே அவருக்கு விளங்கியது.

"ஒண்ணை மட்டும் விக்காம எடுத்து வைன்னு காலையிலேயே கிஷன்கிட்ட சொல்லிட்டேன். ஒரு லாட்டை விக்கப் போனா கமிஷனுக்கே பெரும்பகுதி போயிடும், விக்கவே முடியாது டீச்சர்னான். அப்ப அதையே வைன்னுட்டேன். விக்க முடியாத பொருள் ஒண்ணு இங்க கிடந்தா, அப்பப்ப வந்து பாத்துட்டுப் போகலாமில்ல?"

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது.

"இப்ப நான் பேசலாமா?" என்றான் கிஷன். "ஒரு வாரமா வயித்துல வச்சுக்கிட்டு ஒரு வாய் தே தாரிக் குடிக்க முடியல எனக்கு! இவங்க பிசினாறிங்கிறாங்க, அவரு மகராசன்கிறாரு. வீட்டுல பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்ல முடியல."

"போய் ஒரு கோப்பி ஓ, ஒரு இஞ்சி டீ வாங்கிட்டு வா," என்றார் உஷாராணி. "உனக்கும் சேர்த்து. இன்னிக்கு என் கணக்கு."

அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. கேலரியில் மறுபடியும் அவர்கள் இரண்டு பேர்தான்.

"செமினிக்குப் போய்த்தான் ஆகணும்," என்றார் உஷாராணி. "குழந்தை பிறந்து, அவளுக்கு உடம்பு தேறுறவரைக்கும். அப்புறம் வந்துடுவேன். அதுவரைக்கும் என் லாட்டை நீங்க பாத்துக்குங்க."

"பாத்துக்கிறேன். ஆனா அதுக்கு ரொம்ப நாளாகுமே." பாலன் கணக்குப் போடுகிறவர் மாதிரி மோவாயைத் தடவினார். "நீங்க பக்கத்து ஊரு காஜாங்கில ரயில் ஏறி கே.எல். சென்ட்ரல்ல இறங்குங்க. நான் இங்கேர்ந்து வரேன். வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டேஷனை ஒட்டுன பிரிக்பீல்ட்ஸ்ல சாப்பிடலாம். ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய பாதி வழி."

உஷாராணி முதல்முறையாக அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"பாதி வழிதானா? மறுபடியும் அறுபத்தொண்ணுலயே நிக்கிறீங்களே, மிஸ்டர் பாலன்."

பாலன் இந்தமுறை ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை.

"செமினிக்கே வரேன்."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்கு."

"மகன் கேப்பானே, யாருன்னு. என்ன சொல்றது?"

"கேட்ட விலைக்கு வாங்கினவர்னு சொல்லுங்க."

உஷாராணி சிரித்துவிட்டார். வீங்கிய கன்னம் வலித்திருக்க வேண்டும். கையால் பிடித்துக்கொண்டே சிரித்தார். அவர்களுக்கு எதிரே சுவர் முழுக்க எண்கள் அசையாமல் நின்றன. சந்தை மூட இன்னும் நிறைய நேரம் இருந்தது.